மூச்சுப் பிடித்த பிள்ளைகள்

பேச்சிக்குத் தராசு தேவையில்லை, முதுகு போதும். அரிசிச் சாக்கோ ஆட்டுக்குட்டியோ, முதுகில் ஏற்றி நாலு அடி நடந்தால் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள். அரை கிலோ முன்னே பின்னே இருந்தால் அன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக்காரர் இவளைச் சீண்டிப் பார்ப்பதற்காக ஒரு சர்க்கரை மூட்டையைத் தூக்கச் சொன்னார். நாலு அடி நடந்தவள், "சாக்குல முப்பதுன்னு எழுதியிருக்கு. இருபத்தொம்பதுதான் இருக்கு அண்ணாச்சி" என்று வாங்க வந்தவர்கள் காதில் விழும்படியே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கடையில் அவளுக்கு மரியாதை கிடையாது.

இந்தக் கணக்கு போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வந்தது. பதினாலு வயதில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனவள். பறித்த இலையை முதுகில் சுமந்து நிறுவைக் கொட்டகைக்கு இறங்கும்போதே, முள் எங்கே போய் நிற்கும் என்று முதுகுக்குத் தெரிந்துவிடும். புருஷன் போய்ச் சேர்ந்து, மலையில் வேலையும் அடங்கிப்போன பிறகு, ஒரு டிரங்குப் பெட்டியோடு விதுரா வழியாக நகரத்துக்கு இறங்கினாள். இப்போது விடலைப் பையன்கள் பைக்கில் போனக்காட்டுக்கு ஏறி, பேய் பங்களா எங்கே என்று விசாரிக்கிறார்களாம். பேச்சிக்கு அதைக் கேட்டால் எரிச்சல் வரும். அங்கே பயப்படுவதற்கு வேறு இருந்தது, அதைப் பார்க்க யாரும் பைக்கில் வரவில்லை என்பாள். அது என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

பதினாலு வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்து பஸ்ஸில் ஆயா வேலை. காலையில் பிள்ளைகளை ஏற்றி, பையை வாங்கி, மூக்கைத் துடைத்து உட்காரவைக்க வேண்டும். சாயங்காலம் ஒவ்வொன்றையும் அதனதன் வாசலில் இறக்கி, வந்து நிற்கிற ஆள் சரியான ஆள்தானா என்று முகத்தைப் பார்த்து ஒப்படைக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற வழியில் தூங்கிவிடும். மற்ற பஸ் ஆயாக்கள் பெயரைச் சொல்லிக் கத்தி எழுப்புவார்கள். பேச்சி அப்படிச் செய்ய மாட்டாள். ஷூவைக் கழற்றி உள்ளங்காலில் மூன்று தட்டுத் தட்டுவாள். தூங்குகிற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அந்தப் பதினாலு வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவளுக்குப் பிள்ளைகள் மேல் அத்தனை பிரியம் என்று பெற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பிரியம் இருந்தது உண்மைதான், ஆனால் காரணம் அதுவல்ல.

உள்ளங்காலில் தட்டியும் எழும்பாத ஒரே பிள்ளை ஆர்ஷா. நாலாம் வகுப்பு, ஒன்பது வயது. பாலராமபுரத்தில் கடைசி ஸ்டாப்பு. அப்பா ஷிஜு ஷார்ஜாவில். அம்மா சுமி வீட்டுக்குப் பக்கத்திலேயே அக்ஷயா சென்டரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊராருடைய ஆதாரையும் ரேஷன் கார்டையும் சரிபண்ணுகிறவள். ஆர்ஷா குண்டுப் பிள்ளை. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அவளைச் சுற்றியிருந்த யாரும் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. வகுப்பில் தூங்குகிறாள் என்று டீச்சர் டைரியில் சிவப்பு மையில் எழுதி அனுப்புவார். சிரித்த முகம், ஆனால் கண்ணுக்குக் கீழே மட்டும் கிழவிக்கு இருக்கிற கறுப்பு.

கிள்ளிப்பாலம் தாண்டுவதற்குள் அவள் தூங்கிவிடுவாள். கரமனைப் பாலத்தில் குறட்டை தொடங்கும். டிரைவர் சஜி கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பான். "அக்கா, வண்டிக்கு ரெண்டாவது எஞ்சினும் ஸ்டார்ட் ஆயிட்டு" என்று சொல்லிவிட்டுப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவான். கழுத்தைப் பின்னால் தொங்கவிட்டு, மோவாய் மேலே பார்க்க, வாயைத் திறந்து, வேர்த்து விறுவிறுத்துப்போய்த் தூங்குவாள் அந்தப் பிள்ளை. தலையை நேராக்கித் தன் தோளில் சாய்த்தாலும் ஒரு நிமிஷத்தில் மறுபடி பின்னால் போய்விடும்.

அப்படித் தூங்குகிறவளை பேச்சி முதுகில் ஏற்றித்தான் இறக்குவாள். ரோட்டிலிருந்து கேட்டுவரைக்கும் இருபது அடி. அவள் பஸ்ஸில் வர ஆரம்பித்த முதல் வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது முப்பத்தொரு கிலோ. ஓணத்துக்கு முப்பத்து மூன்று, கிறிஸ்துமஸுக்கு முப்பத்தைந்து, மறு ஜூனில் முப்பத்தெட்டு. கேட்டுக்குப் பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்டதும் ஆர்ஷா முதுகிலேயே கண்ணைத் திறப்பாள். பொருள் எதுவும் இல்லாத கண். அரை நிமிஷம் யாரையும் தெரியாமல் பார்த்துவிட்டு, பிறகுதான் ஆர்ஷாவாவாள்.

சுமியிடம் எடை மெஷின் ஒன்று இருந்தது. தினமும் காலையில் பிள்ளையை அதில் ஏற்றி நிறுத்த, அதைக் கண்டாலே ஆர்ஷா அழ ஆரம்பித்தாள். பிள்ளையைக் கச்சவடச் சரக்குப் போல நிறுக்காதே, அதைத் தூக்கிப் போடு என்று ஷிஜு வீடியோவில் சத்தம் போட்டான். சுமி மெஷினைப் பரணில் போட்டாள், இனித் தொட மாட்டேன் என்று வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னாள். மெஷினைத் தொடாமல் இருக்க முடிந்தது, எடை தெரியாமல் இருக்க முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு பேச்சியின் முதுகைப் பற்றித் தெரியவந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டைத் திறந்ததும் அதே கேள்விதான்.

"இன்னைக்கு எப்பிடி ஆயாம்மா? கொறைஞ்சிருக்கா?"

சுமி சும்மா இருந்துகொண்டு கேட்கவில்லை. ராத்திரிச் சோற்றை நிறுத்தியிருந்தாள். சப்பாத்தி ஒன்று, வெள்ளரிக்காய், அவ்வளவுதான். விடியற்காலை நாலரைக்குப் பிள்ளையை உலுக்கி எழுப்பி, தானும் கூடவே ஒரு மணி நேரம் ரோட்டில் நடத்திவிட்டு வருவாள். "நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. மத்த பிள்ளைங்க இவளைப் பார்த்துச் சிரிக்குதுங்க, எனக்கு நெஞ்சு பொறுக்கல்ல" என்று ஒரு நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த அழுகையைப் பார்த்துத்தான் பேச்சி பொய் சொன்னாள். முதுகு அன்றைக்கு முப்பத்தெட்டரை என்றது. வாய், "கொறைஞ்ச மாதிரிதான் இருக்கு மோளே. ஒரு அரைக் கிலோ" என்றது. சுமியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தால் யாருக்கும் மறுநாளும் ஒரு பொய் சொல்லத் தோன்றும். பேச்சி சொன்னாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒரு மாதத்தில் இரண்டு கிலோவைக் குறைத்துக் கொடுத்துவிட்டாள். நடை பலன் தருகிறது என்று சுமி நாலரையை நாலு ஆக்கினாள். ஏற்கெனவே ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுக்கிற பிள்ளைக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று. முதுகின் கணக்கோ முப்பத்தொன்பதைத் தொட்டது. அந்தப் பிள்ளை எதைத் தின்று ஏறுகிறது என்று பேச்சிக்குப் பயமாக இருந்தது. தூக்கத்தில் அதன்மேல் வேறு எதுவோ ஏறி உட்கார்ந்துகொள்கிறதோ என்றுகூட ஒரு நாள் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஜூலையில் பஸ்ஸில் இன்னொன்று தொடங்கியது.

பிள்ளைகள் இருக்கிற பஸ் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காரைக்காமண்டபம் தாண்டினால் பேச்சியின் காது அடைத்துப்போகும். ஒரு சாயங்காலம் அந்த இடத்தில் பஸ் திடீரென்று அமைதியாகிவிட்டது. சஜிகூட என்னவோ ஏதோ என்று பாட்டைக் குறைத்தான். முன்னால் நின்றிருந்த பேச்சி திரும்பிப் பார்த்தாள். எட்டுப் பத்துப் பிள்ளைகள் சீட்டில் முட்டி போட்டுத் திரும்பி உட்கார்ந்து, கன்னம் உப்பி, முகம் சிவந்து, கண் பிதுங்க, அசையாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. எல்லாம் ஆர்ஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆர்ஷா தூங்கிக்கொண்டிருந்தாள். குறட்டை இல்லை. வாய் திறந்திருந்தது, நெஞ்சுக்கூடு மட்டும் உள்ளே வெட்டி வெட்டி இழுத்தது. சத்தம் எதுவும் வரவில்லை.

ஒரு பிள்ளை புஸ்ஸென்று மூச்சை விட்டது. பிறகு இன்னொன்று. கடைசிப் பிள்ளையும் விட்டு முடித்த பிறகுதான் ஆர்ஷாவின் தொண்டைக்குள் எதுவோ அறுந்தது போல ஒரு சத்தம் வந்து குறட்டை மறுபடி ஓடியது. பஸ்ஸில் சிரிப்பும் கூச்சலும் மறுபடி தொடங்கியது.

"என்ன பிள்ளைகளா, என்ன வெளையாட்டு இது?"

மூன்றாம் வகுப்பு கேசவ் ஒரு நோட்டோடு நிமிர்ந்தான். கணக்கில் புலி, கண்ணாடி போட்ட பையன், பள்ளிச்சலில் இறங்குகிறவன். "ஆர்ஷாச்சேச்சி மூச்சை நிப்பாட்டும் ஆயா. அப்போ நாங்களும் நிப்பாட்டணும். ஆரு முதல்ல விடுதோ அது அவுட்டு."

"யாரு ஜெயிக்கிறது?"

"எப்பவும் ஆர்ஷாச்சேச்சிதான். இன்னைக்கு இருபத்தொண்ணு." நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். தேதி போட்டு, வரிசையாக எண்கள். பதினொன்று, பதினாலு, பதிமூன்று, பதினெட்டு, இருபத்தொன்று. "இது சேச்சிக்குத் தெரியாது ஆயா. சொல்லாதீங்க."

பேச்சி அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தாள். சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குப் புதிது இல்லை. சத்தம் நின்ற பிறகு வருகிற அமைதியும் புதிது இல்லை. அதை நாற்பத்தொரு வருஷமாகக் காதுக்குள் அடைத்து வைத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், திரவியம் என்று பெயர். ஆறு வயது. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலேயே மெலிந்த பிள்ளை அவன்தான். நிறுவைக் கொட்டகையில் பெண்கள் விளையாட்டாக அவனைத் தூக்கிக் கொக்கியில் மாட்டி, "பதிமூணு கிலோ, காத்தடிச்சா பறந்துருவான்" என்று சிரிப்பார்கள். அவனும் கழுத்தைப் பின்னால் போட்டு, வாயைத் திறந்து, வேர்த்துப்போய்த்தான் தூங்குவான். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அத்தனை பெரிய குறட்டை வரும். நடுநடுவே நின்றுபோகும். அப்படி நிற்கும்போது அவர்கள் அம்மா பேச்சியின் வாயைப் பொத்துவாள்.

"உசுரு வெளிய உலாத்தப் போயிருக்கு. பேரைச் சொல்லிக் கூப்பிடாத. புரட்டிப் போடாத. கூப்பிட்ட சத்தத்துல பயந்து வழி மாறிப் போயிரும். கதவைத் தொறந்து வையி, அதுவா வரும்."

லயத்தில் எல்லா வீட்டிலும் அதே வழக்கம்தான். தூங்குகிற பிள்ளையின் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். எப்போதும் அது தானாகத் திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது, ஒரே ஒரு மத்தியானம் தவிர. அன்றைக்குத் திரவியத்துக்குச் சளி. அம்மா மேல் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்தாள். பதினொரு வயது பேச்சி தம்பிக்குக் காவல். சத்தம் நின்றது. பேச்சி ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்தாள். மூடுபனி உள்ளே வந்தது. அவள் கூப்பிடவில்லை, தொடவில்லை. வருகிற வழியை மறைத்துவிடக் கூடாது என்று ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, சாயங்காலம் அம்மா வருகிறவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்டாள். அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

இந்தக் கதையை அவள் தனக்குத் தாலி கட்டிய புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

திரவியம் மெலிந்த பிள்ளை, ஆர்ஷா குண்டு. அதனால்தான் ஒரு வருஷத்துக்கு மேலாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பேச்சிக்கு இரண்டும் ஒன்று என்று உறைக்கவில்லை. இப்போது உறைத்த பிறகும் அவள் செய்தது என்ன தெரியுமா? சத்தம் நிற்கும்போதெல்லாம் எழுந்து போய் ஆர்ஷாவின் பக்கத்துச் சன்னலைத் திறந்து வைத்தாள். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று.

"அக்கா, சன்னலை அடைங்க. மழை உள்ள வருது."

"இருக்கட்டும் சஜி."

"சீட்டு நனைஞ்சா எனக்குத்தானே ஏச்சு?"

"இருக்கட்டும்னு சொல்லுதேன்லா."

சஜியும் கொஞ்ச நாளாகக் கரமனையில் கிண்டல் பண்ணுவதை விட்டிருந்தான். பிள்ளைகள் அமைதியாகும்போது அவன் கை பாட்டை அணைத்துவிடும். கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்பிக்கொண்டு, "அக்கா, அந்தப் பிள்ளைக்கு உள்ள ஆரோ உண்டும்னு பிள்ளைங்க சொல்லுது. எனக்கு ஒரு மாதிரி இருக்கு. கண்ணாடியில நோக்கவே பிடிக்கல்ல" என்றான். மீசை வைத்த ஆம்பளை, தடித் தடியான கை, குரல் மட்டும் இறங்கியிருந்தது.

சுமியிடம் சொல்ல பேச்சி இரண்டு தடவை வாயெடுத்தாள். கேட்டைத் திறந்ததும், "கொறைஞ்சிருக்கா ஆயாம்மா?" என்பாள் அவள். மூச்சு நிற்கிறது என்று சொல்லப் போனால் முதலில் எடையைப் பற்றிச் சொன்ன பொய்யைச் சொல்ல வேண்டும். பேச்சி தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிவிடுவாள். அந்த நாட்களில் அவள் தன்னைத் தானே காறித் துப்பாத குறை.

கர்க்கடகம், அதாவது ஆடி, முடிகிற வாரம். மதியத்திலிருந்து பேய் மழை. பிராவச்சம்பலத்துக்கு அப்பால் ரோட்டில் முழங்கால் தண்ணீர், முன்னால் ஒரு லாரி நின்றுபோய் எல்லா வண்டியும் நின்றுவிட்டது. சன்னல் எல்லாம் மூடி, உள்ளே ஈரச் சாக்ஸ் வாசம். மணி அஞ்சுதான், ஆனால் மழையில் முகம் தெரியாத இருட்டு. ஆறு பிள்ளைகள் மிச்சம் இருந்தன. ஆர்ஷாவுக்கு அன்று சளி வேறு. குறட்டை ஒவ்வொன்றும் தகரத்தைத் தரையில் இழுப்பது போல வந்துகொண்டிருந்தது.

அது நின்றது.

அஞ்சு பிள்ளைகளும் மூச்சை இழுத்துக் கன்னத்தை உப்பிக்கொண்டன. இப்போது யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, பழக்கமாகிவிட்டிருந்தது. கேசவ் விரலால் நோட்டில் தட்டித் தட்டி எண்ணினான். கூரையில் மழைச் சத்தம். பன்னிரண்டில் ஒன்று விட்டது. இருபதில் இரண்டு. முப்பதில் எல்லாப் பிள்ளைகளும் விட்டாயிற்று. ஆர்ஷாவின் நெஞ்சு உள்ளே இழுப்பதும் நின்றிருந்தது.

"மக்களே, மதி, போதும். எண்ணாத" என்றாள் பேச்சி.

"மிண்டாதீங்க ஆயா, எண்ணிக்கை தப்பிரும். முப்பத்தாறு. முப்பத்தேழு."

பேச்சி ஷூவைக் கழற்றி உள்ளங்காலில் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கால் சும்மா ஆடியது. கை பழக்கத்தில் சன்னலைத் திறந்தது, மழை ஆர்ஷாவின் முகத்தில் அடித்தது. அப்போதும் ஒன்றும் இல்லை. உதடு சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கேசவின் குரல் நாற்பத்திரண்டில் தடுக்கியது. அவன் எண்ணுவதை விட்டுவிட்டு அழ ஆரம்பித்தான். சஜி சீட்டிலிருந்து எழுந்து நின்றான்.

கூப்பிடாதே என்று பேச்சியின் காதுக்குள் அம்மா சொன்னாள். புரட்டாதே, அதுவாக வரும். திறந்த சன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளையாக மழை மட்டும். பதினொரு வயதுப் பிள்ளையாக ஓரத்தில் உட்கார்ந்துவிட அவளுக்குக் கால் மடங்கியது. உட்காரவில்லை. ஆர்ஷாவின் இரண்டு தோளையும் பிடித்து, தலையைத் தூக்கி நிமிர்த்தி, அந்த பஸ்ஸே அதிரக் கத்தினாள்.

"திரவியம். ஏலே திரவியம், எந்திரி."

ஆர்ஷா தண்ணீருக்குள்ளிருந்து வருகிறவள் போல ஒரு இழுப்பு இழுத்தாள். கண் திறந்தது. எல்லோரையும் தாண்டி, பேச்சியின் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தது அந்தக் கண். பிறகு இருமி, வாந்தியெடுத்து, அழுதாள். அந்த நாற்றமும் அழுகையும் பேச்சிக்கு அன்றைக்குக் கோயில் மணி போல இருந்தது. அவளும் உட்கார்ந்து அழுதாள், பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்கிற விதியெல்லாம் அப்போது யாருக்கு ஞாபகம் இருக்கும்.

பள்ளிச்சலில் இறங்கும்போது கேசவ் அந்த நோட்டை அவளிடம் நீட்டினான். "இனி இந்த வெளையாட்டு வேண்டாம் ஆயா" என்றான்.

கேட்டில் சுமி குடையோடு நின்றிருந்தாள். வழக்கமான கேள்வி வருவதற்கு முன்னால் பேச்சி நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதைப் பாரு மோளே. எடை கெடக்கட்டும். இது உன் பிள்ளை மூச்சு நிக்கிற கணக்கு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நானும் வாரேன்" என்றாள். சுமி குடையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் நோட்டை வாங்கினாள்.

மறுநாள் காது மூக்குத் தொண்டை டாக்டர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். வயதான அம்மா, அவசரப்படாதவர்.

"இதை யாரு எழுதினது?"

"பஸ்ஸுல பிள்ளைங்க வெளையாடினது டாக்டர்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு ஆர்ஷாவின் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்து, சுமியையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் சதை வளர்ந்து நடுவில் ஒரு விரல் நுழைகிற வழிகூட இல்லை. "தூங்கும்போது இது மூடிக்கிடும். ராத்திரி முழுக்க மூச்சுக்குச் சண்டை போடுது இந்தக் குட்டி. ஒறக்கமே ஒறக்கமில்ல. ஒறக்கம் கெட்டா பசியும் கெடும், எடையும் ஏறும். எடை ஏற ஏறத் தொண்டை இன்னும் அடையும். இதை நாலு மணிக்கு எழுப்பி நடத்துறீங்களா?"

சுமி பிள்ளையின் தலையைத் தடவினாள்.

"வெயிட் எத்ர?"

"முப்பத்தாறு இருக்கும் டாக்டர். கொறைஞ்சிட்டு வருது" என்றாள் சுமி.

பேச்சி சுவரோரமாக நின்றிருந்தாள். "முப்பத்தொம்பதரை" என்றாள்.

ஆர்ஷாவை மெஷினில் ஏற்றினார்கள். முப்பத்தொன்பது புள்ளி நாலு. சுமி திரும்பி பேச்சியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு பேச்சி தலை குனியவில்லை, குனிந்தால் தப்பித்த மாதிரி ஆகிவிடும். "நீ அழுதது பொறுக்காம பொய் சொன்னேன் மோளே. ஒரு நாள்கூடக் கொறையல்ல" என்றாள். சுமி பிள்ளையை மெஷினிலிருந்து இறக்கித் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

வெளியே போகும்போது பேச்சி மட்டும் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். "டாக்டர், இது மெலிஞ்ச பிள்ளைக்கும் வருமா?"

"வருமே. சில பிள்ளைங்க இதுனாலேயே சதை போடாது, வளராது. மெலிவும் தடியும் காரியமில்ல, வழி அடைச்சிருக்கா என்கிறதுதான் காரியம்."

"அப்போ தட்டிக் கூப்பிட்டா?"

"அநேகமா எழும்பிரும். என்ன, வீட்டுல ஆருக்காவது உண்டா?"

"இப்போ இல்ல" என்று சொல்லிவிட்டு பேச்சி வந்தாள்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துத் தலையிலும் நெஞ்சிலும் ஒயர் ஒட்டித் தூக்கத்தைப் பரிசோதித்தார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன். ஓணம் கழிந்து பள்ளி திறந்தபோது ஆர்ஷா மெலிந்து வந்துவிடவில்லை. எடை ஒன்றும் சொடக்குப் போட்டால் இறங்குகிற சாமான் இல்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு போயிருந்தது, வகுப்பில் வாயாடுகிறாள் என்று டைரியில் சிவப்பு மையில் எழுதி வந்தது. சுமி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஷிஜுவுக்கு அனுப்பினாளாம்.

சுமி பத்து நாள் பேச்சியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினோராம் நாள் கேட்டைத் திறந்து, "சாயா இருக்கு ஆயாம்மா, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். எடையைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு வரவில்லை. பேச்சியின் முதுகுக்கும் இப்போது கணக்கு தெரியாது, ஆர்ஷா தன் காலால் இறங்கி நடந்துகொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, விளையாட்டு விழாவில் ஓடிக் களைத்தவள் கரமனைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டாள். காரைக்காமண்டபம் வந்தது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. பாட்டு அணைந்தது. கேசவ் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஆர்ஷாவின் நெஞ்சு ஏறியது, இறங்கியது. பெரிய சத்தம் எதுவுமில்லை. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. கேசவ் மூச்சை விட்டான். "ஆர்ஷாச்சேச்சி தோத்துட்டு" என்று ரகசியமாகச் சொன்னான். பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்தன.

பாலராமபுரம் வந்தபோது பஸ்ஸில் மூவர்தான். பேச்சி குனிந்து ஷூவில் கை வைப்பதற்கு முன்னாலேயே ஆர்ஷா கண்ணைத் திறந்தாள். திறந்த உடனேயே அவள் ஆர்ஷாவாக இருந்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழும்பியவள் படியில் நின்றாள்.

"ஆயாம்மா, அன்னைக்கு மழையில நீங்க என் பேரு விளிக்கல்ல. வேற பேரு விளிச்சீங்க."

"ஆமா மக்களே. அது என் தம்பி பேரு. அவனும் உன்னை மாதிரித்தான் ஒறங்குவான்."

ஆர்ஷா கொஞ்சம் யோசித்தாள்.

"அவன் எழும்பினானா?"

நாற்பத்தொரு வருஷத்தில் யாரும் அதை அவளிடம் கேட்டதில்லை. செத்துப்போனான் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும், அதனால் கேட்கவில்லை.

"இல்ல மக்களே" என்றாள் பேச்சி. "அன்னைக்கு நான் விளிக்கல்ல."

ஆர்ஷா அவள் கையை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்கினாள். இருபது அடி நடந்து போய், கேட்டில் நின்ற அம்மாவிடம் பையைக் கொடுத்தாள். சஜி வண்டியை அணைக்காமல் காத்திருந்தான்.

"போலாமா அக்கா?"

"ஒரு நிமிஷம் பொறு."

ஆர்ஷா உட்கார்ந்திருந்த சீட்டின் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தது. எப்போது திறந்தாள் என்று பேச்சிக்கே தெரியவில்லை. எழுந்து போய் அதைச் சாத்தினாள்.